காற்று ஓய்ந்த பின்னும் ஓடும் கடல்



நம் நாட்றாம்பாளையம் பகுதியில் பிறந்து வளர்ந்தவர்களில் பலர் கடலைக் கண்ணால் கண்டிருக்க மாட்டார்கள். மலையும் காடும் சூழ்ந்து, கேழ்வரகும் அவரையும் விளையும் மேட்டு நிலம் நம்முடையது. பிழைப்புக்காக நம் இளைஞர்கள் ஓசூருக்கும் பெங்களூருக்கும் செல்கிறார்களே தவிர, கடற்கரைக்கு அல்ல. ஆகவே, 'கடலில் நீர் எந்தத் திசையில் ஓடினால் நமக்கென்ன?' என்று ஒருவர் கேட்டால் அவரைக் குறை கூற இயலாது.

ஆயினும் 2024ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தின் முதல் இரண்டு நாட்களை நினைத்துப் பாருங்கள். வங்கக் கடலில் உருவான ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அதன் மிச்சம் உள்நாட்டை நோக்கி நகர்ந்து வந்தபோது, நம் கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. நிறுத்தி வைத்திருந்த வாகனங்களை வெள்ளம் இழுத்துச் சென்றது. கடலைக் காணாத ஊரின் தெருவுக்குக் கடல் தன் நீரை அனுப்பி வைத்தது. கடல் நமக்குத் தொலைவில் இருக்கலாம். கடலில் சேர்ந்திருக்கும் ஆற்றல் நமக்குத் தொலைவில் இல்லை.

அந்த ஆற்றல் எங்கிருந்து வருகிறது, கடலுக்குள் எவ்வாறு கைமாறுகிறது, அதை விண்ணிலிருந்து எவ்வாறு அளக்கிறார்கள் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

ஒரு புதிர்

தமிழகத்தின் கரையை ஒட்டிக் கடலுக்குள் ஒரு பெரும் நீரோட்டம் ஓடுகிறது. கிழக்கிந்தியக் கரையோர நீரோட்டம் என்று அதற்குப் பெயர். ஆறுகளைப் போல் அது எப்போதும் ஒரே திசையில் ஓடுவதில்லை. பிப்ரவரி முதல் மே வரை வடக்கு நோக்கி ஓடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை தெற்கு நோக்கித் திரும்பி ஓடும். அப்போது கங்கையும் பிரம்மபுத்திராவும் கடலில் கொட்டிய உப்புக் குறைந்த நீரையும் அது நம் கரைப்பக்கம் கொண்டு வரும்.

கடலின் மேற்பரப்பைத் தள்ளி ஓடச் செய்வது காற்று என்பதை நாம் அறிவோம். அப்படியானால் காற்று மிக வலுவாக வீசும் ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில்தான் இந்த ஓட்டமும் உச்சத்தில் இருக்க வேண்டும் அல்லவா? உண்மையில் வடக்கு நோக்கிய ஓட்டம் மிக வலுவாக இருப்பது மார்ச், ஏப்ரல் மாதங்களில். அப்போது கரையோரக் காற்று மென்மையாகவே இருக்கும். தென்மேற்குப் பருவக்காற்று சுழன்றடிக்கும் காலத்தில் இந்த நீரோட்டம் தளர்ந்து, சீர்குலைந்து கிடக்கிறது. தள்ளுபவன் ஓய்ந்திருக்கும்போது வண்டி விரைகிறது. தள்ளுபவன் முழுப் பலத்துடன் தள்ளும்போது வண்டி தயங்குகிறது. இது எப்படி?

இந்தக் கேள்விக்கு விடை தேடியவர்கள் கண்டறிந்த செய்தி இதுதான்: கடல் தான் பெற்ற ஆற்றலைப் பெற்ற இடத்திலேயே, பெற்ற காலத்திலேயே செலவழித்து விடுவதில்லை. இடம் விட்டு இடமும், பெரிதிலிருந்து சிறிதுக்கும் சிறிதிலிருந்து பெரிதுக்கும் அது கைமாற்றிக் கொண்டே இருக்கிறது.

முன்னோர் கண்டது

இந்தியப் பெருங்கடலின் நீர் பருவத்திற்கேற்பத் திசை மாறுகிறது என்பது இன்று நேற்று தெரிந்த செய்தி அல்ல. கி.பி. 9ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த புவியியலாளர் இப்னு குர்தாத்பிஹ், கோடைக் காலத்தில் ஒரு திசையிலும் குளிர்காலத்தில் அதற்கு எதிர்த் திசையிலும் இக்கடல் ஓடுவதை மாலுமிகள் வாயிலாகக் கேட்டு எழுதி வைத்தார். 15ஆம் நூற்றாண்டில் அரபு மாலுமி இப்னு மாஜித், எந்தத் துறைமுகத்திலிருந்து எந்த நாட்களில் பாய் விரிக்க வேண்டும் என்பதையெல்லாம் நூலாகவே தொகுத்தார். பருவம் என்று பொருள்படும் 'மவ்ஸிம்' என்ற அரபுச் சொல்லே ஐரோப்பிய மொழிகளுக்குச் சென்று 'மான்சூன்' ஆயிற்று.

அந்த மாலுமிகள் கடலின் திசையை அறிந்திருந்தனர். ஆனால் கப்பலில் இருப்பவருக்குத் தன்னைச் சுற்றியுள்ள நீர் மட்டுமே தெரியும். அதே நாளில் 1,000 கிலோமீட்டருக்கு அப்பால் கடல் என்ன செய்கிறது என்பதை எந்தக் கப்பலாலும் காண முடியாது. முழுக் கடலையும் சில நாட்களுக்குள் பார்க்க வேண்டுமானால் மேலே செல்ல வேண்டும்.

உயரத்தைக் கொண்டு ஓட்டத்தை அளப்பது

விண்ணிலிருந்து பார்த்தால் நீர் ஓடுவது தெரியுமா என்று நீங்கள் கேட்கலாம். பெரும்பாலும் தெரியாது. செயற்கைக்கோள் நேரடியாக ஓட்டத்தை அளப்பதில்லை. கடல்மட்டத்தின் உயரத்தை அளக்கிறது. உயரத்திலிருந்து ஓட்டத்தைக் கணக்கிடுகிறார்கள்.

இம்முறை நம் பகுதி மக்களுக்குப் புதிதன்று. நமக்கு அருகே காவிரிக் கரையில் பிலிகுண்டுலு இருக்கிறது. மத்திய நீர்வள ஆணையத்தின் அளவீட்டு நிலையம் அங்கே உள்ளது. கர்நாடகம் தமிழகத்திற்கு ஆண்டொன்றுக்கு 177.25 டி.எம்.சி. நீர் தர வேண்டும் என்று 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததே, அந்த நீர் வந்து சேர்ந்ததா என்பது கணக்கிடப்படும் இடம் அதுதான். ஆற்றில் நீர்மட்டம் எவ்வளவு உயர்ந்தால் வினாடிக்கு எத்தனை கன அடி ஓடுகிறது என்பதை முன்பே பலமுறை அளந்து வைத்திருப்பார்கள். பிறகு மட்டத்தைப் பார்த்தே ஓட்டத்தைச் சொல்லிவிடலாம்.

கடலிலும் மட்டம் எங்கும் ஒன்றுபோல் இல்லை. ஓரிடம் மேடாகவும் ஓரிடம் பள்ளமாகவும் இருக்கும். மேட்டிலிருந்து பள்ளத்திற்கு நீர் நேரே இறங்க முயலும். ஆனால் பூமி சுழன்று கொண்டிருப்பதால் வடகோளத்தில் அந்த நீர் வலப்பக்கமாகத் திருப்பப்படுகிறது. இரண்டு இழுப்புகளும் சமப்படும்போது நீர் சரிவில் இறங்காமல், சரிவின் குறுக்கே, மேட்டைத் தன் வலப்பக்கம் வைத்துக்கொண்டு ஓடுகிறது. மலையிலிருந்து கீழே இறங்காமல் மலையைச் சுற்றியே செல்லும் ஒற்றையடிப் பாதையை நம் காடுகளில் பார்த்திருப்பீர்கள். அதைப் போன்றது இது.

ஒரு கணக்கைப் பாருங்கள். சென்னைக்கு நேர்கிழக்கே கடலில் 100 கிலோமீட்டர் இடைவெளியுள்ள இரண்டு இடங்களுக்கிடையே உயர வேறுபாடு வெறும் 10 சென்டிமீட்டர் என்று கொள்வோம். கண்ணுக்கு அது சமதளம்தான். ஆனால் அந்தச் சிறு சரிவே வினாடிக்கு 30 சென்டிமீட்டர், அதாவது மணிக்கு ஏறக்குறைய 1 கிலோமீட்டர் வேகத்தில் நீரை ஓடச் செய்யப் போதுமானது.

எனவே சில சென்டிமீட்டர்களை விண்ணிலிருந்து அளந்தாக வேண்டும். அதற்கு ரேடார் உயரமானியைப் பயன்படுத்துகிறார்கள். செயற்கைக்கோள் கீழ்நோக்கி ரேடியோ அலையை அனுப்புகிறது; அது கடல்மேல் பட்டுத் திரும்பி வரும் நேரத்தைக் கொண்டு உயரம் கணக்கிடப்படுகிறது. சுமார் 800 கிலோமீட்டர் உயரத்திலிருந்து சென்று திரும்ப அந்த அலைக்கு ஒரு வினாடியின் இருநூறில் ஒரு பங்கு நேரமே ஆகும். அதில் 3 சென்டிமீட்டர் வேறுபாட்டைக் கண்டறிய வேண்டுமானால், ஒரு வினாடியின் 500 கோடியில் ஒரு பங்கு வரை நேரத்தைத் துல்லியமாகப் பிரித்தறிய வேண்டும். ஓசூர் ஆலைகளில் மைக்ரோமீட்டரைப் பிடித்து வேலை செய்யும் நம் பிள்ளைகளுக்கு இந்தத் துல்லியத்தின் அருமை புரியும். காற்றிலுள்ள ஈரப்பதம் அலையைத் தாமதப்படுத்துவதையும், ஓதம் ஏறி இறங்குவதையும் தனித்தனியே கணக்கிட்டுக் கழித்த பிறகே உண்மையான மேடுபள்ளம் கிடைக்கும்.

1978இல் ஏவப்பட்ட சீசாட் என்ற அமெரிக்கச் செயற்கைக்கோள் ஏறத்தாழ மூன்று மாதங்களே இயங்கினாலும் இவ்வாறு அளக்க முடியும் என்று காட்டியது. 1992 ஆகஸ்டில் அமெரிக்காவும் பிரான்சும் இணைந்து டோபெக்ஸ்/பொசைடன் என்ற செயற்கைக்கோளை ஏவின. அன்று முதல் ஜேசன் வரிசையும், 2020இல் சென்டினல்-6 செயற்கைக்கோளும் அந்தப் பதிவை அறுபடாமல் தொடர்ந்துள்ளன. நம் இஸ்ரோவும் பிரான்சும் கூட்டாக உருவாக்கிய சரல் செயற்கைக்கோள் 2013 பிப்ரவரி 25 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது. கடல் மேல் வீசும் காற்றை அளக்கும் கருவிகளை ஓஷன்சாட்-2, ஸ்கேட்சாட்-1 ஆகியவற்றில் இந்தியா 2009இலும் 2016இலும் அனுப்பியது. 2022 நவம்பர் 26 அன்று ஏவப்பட்ட இ.ஓ.எஸ்-06 செயற்கைக்கோளிலும் அத்தகைய கருவி உள்ளது.

காற்றை அளந்தால் கடலுக்கு எவ்வளவு ஆற்றல் கொடுக்கப்பட்டது என்பது தெரியும். உயரத்தை அளந்தால் கடல் அதை என்ன செய்தது என்பது தெரியும். வரவும் செலவும் இவ்விதம் இரண்டு ஏடுகளில் எழுதப்படுகின்றன.

இடம் விட்டு இடம் செல்லும் ஆற்றல்

இப்போது நம் புதிருக்குத் திரும்புவோம். கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவனத்தின் ஷேத்யே, சங்கர் ஆகியோரும் அமெரிக்க அறிஞர் மெக்ரீரி முதலானோரும் இதை ஆராய்ந்து 1996இல் வெளியிட்டனர். நம் கரையோர நீரோட்டத்தை நான்கு தள்ளுதல்கள் இயக்குகின்றன என்பது அவர்கள் கண்ட முடிவு. கரையிலேயே வீசும் காற்று அவற்றில் ஒன்று மட்டுமே. வங்காள விரிகுடாவின் நடுப்பகுதியில் வீசும் காற்று இரண்டாவது. விரிகுடாவின் வடக்கு, கிழக்குக் கரைகளில், அதாவது மியான்மர், வங்கதேசப் பக்கங்களில் வீசும் காற்று மூன்றாவது. நெடுந்தொலைவில் நிலநடுக்கோட்டில் வீசும் காற்று நான்காவது.

நிலநடுக்கோட்டுக் காற்று நம் கரைக்கு எப்படி வந்து சேரும்? ஆண்டுக்கு இருமுறை, பருவக்காற்றுகள் மாறும் இடைக்காலங்களில், நிலநடுக்கோட்டில் மேற்கிலிருந்து வீசும் காற்று ஒரு வலிய நீரோட்டத்தைக் கிழக்கு நோக்கி ஓடச் செய்கிறது. இதை 1973இல் விளக்கியவர் கிளாஸ் விர்ட்கி என்ற அறிஞர். அந்த நீர் சுமத்ராத் தீவின் கரையில் மோதிக் கடல்மட்டத்தை உயர்த்துகிறது. அந்த உயர்வு அங்கேயே நின்றுவிடாமல், பூமியின் சுழற்சியால் கரையோடு அணைக்கப்பட்டு, கரையை வலப்பக்கம் வைத்துக்கொண்டே நகர்கிறது. சுமத்ராவிலிருந்து அந்தமான் கடல், மியான்மர், வங்கதேசம் என்று விரிகுடாவைச் சுற்றி வளைந்து ஒடிசா, ஆந்திரம், தமிழகம் என இறங்கி வருகிறது. கெல்வின் அலை என்று இதற்குப் பெயர். நாளொன்றுக்கு ஏறத்தாழ 200 கிலோமீட்டர் வேகத்தில் அது பயணம் செய்கிறது.

இங்கே கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. சுமத்ராவின் நீர் நம் கரைக்கு வரவில்லை; சுமத்ராவில் கிடைத்த தள்ளுதல்தான் வந்தது. கூட்ட நெரிசலில் பின்வரிசையில் ஒருவர் தள்ளினால் முன்வரிசையில் இருப்பவர் தடுமாறுகிறார் அல்லவா? பின்னால் தள்ளியவர் தம் இடத்திலேயே நிற்கிறார். ஆள் நகரவில்லை, தள்ளு நகர்ந்தது. கடலிலும் பெரும்பாலும் நிகழ்வது இதுவே.

விரிகுடாவின் நடுவில் காற்று கொடுத்த தள்ளுதல் இன்னும் மெதுவாகச் செல்லக் கூடியது. அது மேற்கு நோக்கி மாதக்கணக்கில் ஊர்ந்து வந்து நம் கரையைச் சேர்கிறது. மார்ச், ஏப்ரல் மாதங்களில் கரையில் காற்று ஓய்ந்திருக்க, நீர் வடக்கே விரைவதற்கு இதுவே முக்கியக் காரணம். முன்பு எங்கோ வீசிய காற்றின் கணக்கு இப்போது இங்கே தீர்க்கப்படுகிறது.

இதே செய்தியை அரபிக்கடலின் மேற்கிலும் காணலாம். சோமாலியாக் கரைக்கு அப்பால் பருவகாலத்தில் ஒரு மாபெரும் நீர்ச்சுழல் தோன்றுகிறது. கடலோடிகளுக்கு 19ஆம் நூற்றாண்டிலேயே அது தெரியும். அதன் உண்மையான பரப்பு செயற்கைக்கோள் காலத்தில்தான் தெரிந்தது. 23 ஆண்டுப் பதிவுகளைக் கொண்டு 2019இல் வெளியான ஆய்வு, அதன் சராசரிப் பரப்பு 2,75,000 சதுர கிலோமீட்டர் என்றும், ஆண்டில் ஏறத்தாழ 200 நாட்கள் அது நீடிக்கிறது என்றும் கணக்கிட்டது. தமிழகத்தின் பரப்பைப் போல் இரு மடங்குக்கும் மேல் அது! தென்மேற்குப் பருவக்காற்று தொடங்குவதற்கு ஏறத்தாழ இரண்டு மாதம் முன்னரே, கிழக்கிலிருந்து வந்து சேரும் மெதுவான அலைகளால் அந்தச் சுழல் உருக்கொள்கிறது என்று பீல், டொனஹூ என்ற இரு அறிஞர்கள் 2013இல் காட்டினர். அங்கும் காற்று வருமுன் கடல் புறப்பட்டு விடுகிறது.

சிறிதிலிருந்து பெரிதுக்கு

இடம் மாறுவது ஒரு வகை. அளவு மாறுவது இன்னொரு வகை.

பெருங்கடலின் இயக்க ஆற்றலில் பெரும்பகுதி நீண்ட நீரோட்டங்களில் இல்லை. ஏறக்குறைய 100 கிலோமீட்டர் அகலம் கொண்ட சுழல்களில் இருக்கிறது. காற்று கடலின் அடுக்குகளைச் சாய்த்து வைக்கிறது. மேல்நிலைத் தொட்டியில் ஏற்றி வைத்த நீரைப் போல அந்தச் சாய்வில் ஆற்றல் சேமிக்கப்படுகிறது. சாய்வு அளவு மீறும்போது நிலை குலைந்து சுழல்கள் பிறக்கின்றன.

பிறந்த சுழல் பிறகு என்னவாகும்? தேநீரைக் கரண்டியால் கலக்கிப் பாருங்கள். பெருஞ்சுழல் உடைந்து சிறு சுழல்களாகி, அவை இன்னும் சிறிதாகி, இறுதியில் நீரின் உராய்வில் தேய்ந்து மறையும். ஆற்றல் பெரிதிலிருந்து சிறிதுக்கு இறங்குவது நாம் அன்றாடம் காணும் வழக்கம். ஆனால் பெருங்கடலோ தேநீர்க் கோப்பை போன்றதன்று. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் அகன்றிருந்தும் அதன் சராசரி ஆழம் நான்கு கிலோமீட்டருக்கும் குறைவு. நீங்கள் கையில் வைத்திருக்கும் இந்த இதழின் ஒரு தாளுக்கு நீளத்தோடு ஒப்பிட எவ்வளவு தடிப்போ, கடலுக்கும் அகலத்தோடு ஒப்பிட ஏறக்குறைய அவ்வளவே ஆழம். இவ்வளவு மெல்லிய படலம் சுழலும் பூமியின் மேல் இயங்கும்போது சிறு சுழல்கள் உடைவதற்குப் பதிலாக ஒன்றோடொன்று சேர்ந்து பெருஞ்சுழல்களாகின்றன. ஆற்றல் சிறிதிலிருந்து பெரிதுக்கு ஏறுகிறது.

இவ்வாறு ஏறும் ஆற்றல் எவ்வளவு? அமெரிக்காவின் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹுஸைன் அலூயியும் அவருடைய குழுவினரும் செயற்கைக்கோள் பதிவுகளையும் கணினி மாதிரிகளையும் கொண்டு உலகக் கடல்கள் முழுமைக்கும் இதைக் கணக்கிட்டு 2023இல் வெளியிட்டனர். 120 கிலோமீட்டர் அளவில் இந்த ஏற்றம் உச்சம் பெற்று, 300 கிகாவாட்டை எட்டுகிறது என்பது அவர்கள் கண்ட விடை. கூடங்குளம் அணு உலை ஒன்றின் திறன் 1 கிகாவாட். அத்தகைய 300 உலைகளின் ஆற்றல், ஓசையின்றி, சிறு சுழல்களிலிருந்து பெருஞ்சுழல்களுக்குக் கைமாறிக் கொண்டிருக்கிறது! கடல்களின் பேரோட்டத்திற்குக் காற்று கொடுக்கும் ஆற்றலில் இது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு.

கொடுத்த காற்றே திரும்பப் பெறுவதும் உண்டு. சைக்கிளில் ஒரு மைதானத்தைச் சுற்றுகிறவர் எதிர்க்காற்றில் இழப்பது அதிகம்; பின்காற்றில் பெறுவது குறைவு. நீர்ச்சுழலும் அவ்வாறே ஒரு பக்கம் காற்றோடும் மறுபக்கம் காற்றுக்கு எதிராகவும் சுற்றுகிறது. மொத்தத்தில் அதற்கு இழப்பே மிஞ்சுகிறது. 260 கிலோமீட்டருக்குக் குறைந்த சுழல்களைக் காற்று இவ்விதம் தளர்த்துகிறது என்றும், அவற்றிடமிருந்து சுமார் 50 கிகாவாட்டைப் பறிக்கிறது என்றும் அலூயியின் குழு 2021இல் கணக்கிட்டது. பேரோட்டங்களை வளர்க்கும் அதே காற்று சிறு சுழல்களை அடக்குகிறது.

உயிரோடு தொடர்புடைய கணக்கு

சகோதரர்களே! இவையெல்லாம் அறிஞர்களின் ஏட்டுக் கணக்கு என்று எண்ணி விடாதீர்கள்.

வங்கக் கடலில் வலஞ்சுழியாகச் சுற்றும் சுழல்களில் வெப்பநீர் ஆழம் வரை திரண்டிருக்கும். அங்கே கடல்மட்டம் மேடாக இருக்கும். இடஞ்சுழியாகச் சுற்றுபவற்றில் கீழிருந்து குளிர்நீர் மேலேறும். அங்கே மட்டம் பள்ளமாக இருக்கும். புயலுக்கு உணவு கடலின் வெப்பம். சாதாரணமாகப் புயல் கடலைக் கலக்கும்போது அடியிலிருந்து குளிர்நீர் மேலே வந்து புயலின் பசியை அடக்கிவிடும். ஆனால் வெப்பச் சுழலின் மேல் செல்லும்போது எவ்வளவு கலக்கினாலும் வெப்பநீரே வரும். புயல் கொழுக்கும்.

2003 மே மாதம் வங்கக் கடலில் ஒரு புயல் உருவானது. இலங்கையில் பெரும் வெள்ளத்தோடு தொடர்புடைய புயல் அது. அதன் பாதையைச் செயற்கைக்கோளின் உயரப் பதிவுகளோடு வைத்துப் பார்த்த எம்.எம். அலி முதலான இந்திய அறிஞர்கள், வெப்பச் சுழல்களின் மேல் அது வலுத்ததையும் குளிர்ச்சுழலின் மேல் தளர்ந்ததையும் 2007இல் எடுத்துக்காட்டினர். கடலின் மேற்பரப்பு வெப்பத்தை மட்டும் பார்ப்பவருக்கு இந்த வேறுபாடு தெரியாது. மேற்பரப்பு ஒரே சூடாக இருக்கும். அடியில் எவ்வளவு இருப்பு என்பதை உயரமே காட்டிக் கொடுக்கும். இன்று கடலின் வெப்ப இருப்பைக் கணக்கிடுவதில் உயரமானிப் பதிவுகள் தவறாமல் இடம்பெறுகின்றன.

2017 நவம்பர் இறுதியில் குமரிக்கடலில் ஒக்கி புயல் வெகுவிரைவாக வலுத்தபோது தமிழகத்தையும் கேரளத்தையும் சேர்ந்த நூற்றுக்கணக்கான மீனவர்கள் ஆழ்கடலில் இருந்தார்கள். அவர்களில் பலர் வீடு திரும்பவில்லை. ஒரு புயல் எப்போது திடீரென வலுக்கும் என்பதை ஒரு நாள் முன்னதாகச் சொல்ல முடிந்தால் அது எத்தனை குடும்பங்களின் வாழ்வு! ஐதராபாத்திலுள்ள இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் மீனவர்களுக்கு அலை, நீரோட்டம், மீன் கிடைக்கும் இடம் பற்றிய அறிவிப்புகளை வழங்கி வருகிறது. அந்த அறிவிப்புகள் செயற்கைக்கோள் பதிவுகளையே பெரிதும் நம்பியிருக்கின்றன.

அளப்பது மட்டும் போதாது

2004 டிசம்பர் 26 அன்று சுமத்ராவில் நிலம் நடுங்கி ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் ஜேசன்-1 செயற்கைக்கோள் தற்செயலாக இந்தியப் பெருங்கடலைக் கடந்தது. ஆழ்கடலில் சென்றுகொண்டிருந்த சுனாமி அலையை அது பதிவு செய்தது. அங்கே அலையின் உயரம் சுமார் அரை மீட்டர்தான். நாகப்பட்டினத்தில் ஆயிரக்கணக்கானோரைப் பலி கொண்ட அலைதான் ஆழ்கடலில் அரை மீட்டர் மேடாகச் சென்றது. ஆயினும் அந்தப் பதிவு யாரையும் காப்பாற்றவில்லை. அதைப் பெற்று, படித்து, கரைக்கு எச்சரிக்கை அனுப்பும் ஏற்பாடு அன்று இல்லை. பதிவு ஆராயப்பட்டது பிறகுதான். இந்தியச் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் 2007 அக்டோபரில் ஐதராபாத்தில் நிறுவப்பட்டது.

இதிலிருந்து நாம் கற்க வேண்டியது உண்டு. அறிவு கருவியில் இருந்தால் மட்டும் போதாது. அது உரியவரை உரிய நேரத்தில் சென்றடைய வேண்டும். சென்றடைந்த பின் அவர் அதை மதித்து நடக்க வேண்டும். 'கடலுக்குப் போகாதீர்கள்', 'ஆற்றங்கரையில் நிற்காதீர்கள்' என்று அறிவிப்பு வரும்போது, 'இங்கே வெயில் அடிக்கிறதே, காற்றே இல்லையே' என்று அலட்சியம் செய்பவர் உண்டு. காற்று இல்லாத மாதத்தில்தான் நம் கரையில் கடல் மிக விரைவாக ஓடுகிறது என்பதை அவர் அறிய மாட்டார். தள்ளுதல் வேறோர் இடத்தில், வேறொரு நாளில் கொடுக்கப்பட்டிருக்கலாம். நம் தலைக்கு மேலுள்ள வானத்தை மட்டும் பார்த்து முடிவு செய்வது ஆபத்தானது.

இன்னும் காண வேண்டியவை நிறைய உள்ளன. ஜேசன் போன்ற உயரமானிகள் தமக்கு நேர் கீழேயுள்ள ஒரு கோட்டை மட்டுமே அளக்கும். நிலநடுக்கோட்டில் அடுத்தடுத்த கோடுகளுக்கிடையே 300 கிலோமீட்டருக்கு மேல் இடைவெளி விழும். சிறு சுழல்கள் அந்த இடைவெளியில் நழுவிவிடும். 2022 டிசம்பர் 16 அன்று அமெரிக்காவும் பிரான்சும் ஏவிய ஸ்வாட் என்ற செயற்கைக்கோள் 120 கிலோமீட்டர் அகலப் பட்டையாகவே கடலை அளக்கிறது. ஆற்றல் மேலே ஏறுவதை நிறுத்திக் கீழே இறங்கித் தேயத் தொடங்கும் சிறு சுழல்களை அதன் மூலம் ஆராய்ந்து வருகிறார்கள். இத்தகைய கருவிகளுக்கு ஆயுள் சில ஆண்டுகளே. ஒன்று ஓயுமுன் அடுத்தது மேலே சென்றிருக்க வேண்டும். 1992 முதல் அறுபடாமல் வந்த பதிவில் ஓராண்டு இடைவெளி விழுந்தாலும், அந்த ஓராண்டை எவராலும் பின்னோக்கிச் சென்று அளக்க முடியாது.

பள்ளியில் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு இதை எடுத்துச் சொல்லுங்கள். ஓசூர் ஆலையில் நூறில் ஒரு மில்லிமீட்டரைத் தவறவிடாமல் அளக்கக் கற்ற கைகளுக்குக் கடலை அளக்கும் கல்வி எட்டாத ஒன்றன்று. சென்னைப் பள்ளிக்கரணையில் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. கோவாவிலும் ஐதராபாத்திலும் ஆய்வு நிலையங்கள் இருக்கின்றன. கடலைக் கண்டிராத ஊரிலிருந்து ஒரு மாணவனோ மாணவியோ அங்கே சென்று அமர்ந்தால், அடுத்த புயலின் பாதையில் இருக்கும் ஏதோ ஓர் ஊர் ஒரு நாள் முன்னதாக விழித்துக்கொள்ள அது உதவக்கூடும். படைத்தவன் எதையும் அளவோடு அமைத்திருக்கிறான் என்று நாம் நம்புகிறோம். அந்த அளவைப் பொறுமையோடு படித்தறிபவர்களுக்கு நாம் துணை நிற்போம்.